ஆழம் தெரிந்தே காலை விடுகிறவர்கள்: குற்றப்புனைவில் நுவார் பாத்திரங்களை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த எச்சரிக்கை. நுவார் எனப்படும் இருண்ட குற்றக்கதையின் மையத்தில் நிற்கும் மனிதனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் ஆழம் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியும். கரையில் நின்று அளந்து பார்த்திருக்கிறான், அதில் மூழ்கியவர்களையும் பார்த்திருக்கிறான், இருந்தும் இறங்குகிறான். அந்த ‘இருந்தும்’ என்ற ஒரு சொல்லுக்குள் இந்த வகைமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று, பல ஆண்டுகளாக இக்கதைகளைப் படித்தும் பார்த்தும் வருகிறவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகக் குற்றப்புனைவு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். நனைந்த தெரு, விளிம்பு தாழ்ந்த தொப்பி, முகத்தில் கோடுகோடாக விழும் ஜன்னல் நிழல், புகைக்குப் பின்னால் ஒரு பெண் என்று அடுக்கிவிட்டால் கதை தானாகவே இருண்டுவிடும் என்று எண்ணுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட கதையில் மழையை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம்: முதலில் ஒரு முடிவு, அதைச் சுற்றி மனிதர்கள், அதன் பிறகே நிழல்.

தொடங்கும் முன்: பெயர் வந்த கதை

ஃபிலிம் நுவார் என்ற பிரெஞ்சுத் தொடருக்குக் கருப்புத் திரைப்படம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சுக்கு ஹாலிவுட் படங்கள் வந்து சேரவில்லை. போர் முடிந்து 1946-இல் அவை ஒன்றன்பின் ஒன்றாக பாரிஸ் திரையரங்குகளில் ஓடியபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கக் குற்றப்படங்களின் மனநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நினோ ஃப்ராங்க் போன்ற விமர்சகர்கள் கண்டுகொண்டு, அந்தத் தொடரால் அவற்றைக் குறித்தார்கள். காலிமார் பதிப்பகம் ‘செரி நுவார்’ என்ற குற்றநாவல் வரிசையை 1945-இலேயே தொடங்கியிருந்ததால், நுவார் என்ற சொல் பாரிஸ் வாசகர்களின் காதுக்குப் பழகியும் இருந்தது.

எழுத்தாளர்கள் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: படத்துக்கு முன்பே எழுத்து வந்துவிட்டது. 1920-இல் தொடங்கிய ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவு விலை இதழில்தான், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்திருந்த டாஷியல் ஹாமெட் எழுதிப் பழகினார். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கையை உடைத்தது. பிறகு நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், பில்லி வைல்டர் ஆகியோர், நாகரிகமான ஒரு சமூகம் எவ்வளவு விரைவில் சரியும் என்பதைக் கண்ணால் கண்ட அனுபவத்தோடு இக்கதைகளைப் படமாக்கினார்கள். நுவாரின் இருட்டு வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இந்த வரலாறே சான்று.

முதல் படி: முடிவைக் கண்டுபிடியுங்கள்

பாத்திரங்களின் பெயரை வைப்பதற்கு முன்னால், உங்கள் கதையில் யாரோ ஒருவர் விளைவு தெரிந்தும் எடுக்கும் அந்த ஒரு முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது பெரிய குற்றமாக இருக்க வேண்டியதில்லை. சின்னதாக இருந்தால்தான் நல்லது, ஏனென்றால் சின்ன முடிவைப் படிக்கும்போது வாசகர் தன்னையும் அங்கே வைத்துப் பார்ப்பார்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தை வளர்த்துக்கொண்டு போகிறேன். ஒரு நீதிமன்றத்தின் ஆவண அறையில் 19 ஆண்டுகளாக வேலை செய்யும் காப்பாளர் ஒருவர். ஒரு வழக்குக் கோப்பிலிருந்து ஒற்றைத் தாளை ஒரே ஒரு நாள் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் திரும்ப வைத்துவிட வேண்டும் என்று அவரிடம் கேட்கப்படுகிறது. அவர் சம்மதிக்கிறார். கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு தாள், ஒரு நாள்.

எழுதிய வாக்கியத்தை ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இவர் ஏமாற்றப்பட்டதால் இதைச் செய்தாரா, விரும்பியதால் செய்தாரா? ஏமாற்றப்பட்டதால்தான் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு பரிதாபக் கதை. அது நல்ல கதையாகவும் அமையலாம். நுவாராக வேண்டுமென்றால், ஏமாற்று நடந்திருந்தாலும் அதற்கு அவர் உள்ளூர ஒத்துழைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சறுக்குகிறவன்

நுவாரின் மிக வளமான பாத்திரம் துப்பறிவாளர் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது காப்பீட்டு முகவன், காசாளன், பெட்ரோல் நிலையக்காரன் போன்ற சாதாரண மனிதன்தான். ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய ‘டபுள் இன்டெம்னிட்டி’ நாவல் இதற்கு முன்மாதிரி. 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் ஜட் கிரே என்ற விற்பனைப் பிரதிநிதியும் சேர்ந்து, காப்பீட்டுப் பணம் கிடைக்கும் வகையில் அவளுடைய கணவனைக் கொன்ற வழக்கு அதற்கு வித்திட்டது. கெய்ன் அந்த வழக்கிலிருந்து காமத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார்; ஆனால் மூன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்தார். கதைசொல்லியான முகவன் தன் தொழிலில் கெட்டிக்காரன். மற்றவர்கள் நிறுவனத்தை ஏமாற்ற முயல்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன், தன்னால் அதைப் பிழையில்லாமல் செய்ய முடியும் என்று எப்போதோ நினைக்கத் தொடங்கிவிட்டான். அவனைச் சதிக்குள் இழுக்கும் பெண் கதவைத் திறப்பதற்கு முன்பே திட்டத்தில் பாதி அவன் மனதில் தயாராக இருந்தது.

சறுக்குகிறவனுக்கு ஆசை ஒன்று போதாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ஓர் ஆசை இருக்கட்டும்: பணம், உறவு, கடனிலிருந்து விடுதலை. அதற்கு அடியில், அவனே ஒப்புக்கொள்ளத் தயங்கும் இன்னொன்று இருக்க வேண்டும். நம் காப்பாளர், தினமும் தன் சகோதரனின் வழக்கு நிலையை விசாரிக்க வரும் பெண்ணுக்காகவே அதைச் செய்கிறார் என்று முதலில் தோன்றும். அடியில் இருப்பது வேறு. லட்சக்கணக்கான தாள்களைக் காத்து நின்ற 19 ஆண்டுகளில் அவர் செய்த எந்த வேலையாலும் யாருடைய தலையெழுத்தும் மாறியதில்லை. ஒருமுறையாவது தன் கை பட்டு ஏதாவது மாற வேண்டும் என்று அவர் ஏங்குகிறார். இந்த ஏக்கத்தை நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள். கோப்புகளை அடுக்கும்போது தீர்ப்புகளின் கடைசிப் பக்கத்தை மட்டும் அவர் நின்று படிப்பதாக ஓர் இடத்தில் காட்டினால் போதும்.

மூன்றாம் படி: துப்பறிவாளரும் அவருடைய கோடும்

புதிர்க் கதையின் துப்பறிவாளர் வெளியே நின்று உண்மையைக் கண்டுபிடித்து, கை நனையாமல் வீடு திரும்புவார். நுவார் துப்பறிவாளருக்கு அந்த வசதி கிடையாது. விசாரணை அவரையும் உள்ளே இழுக்கிறது. உண்மை தெரியவரும்போது அதற்கான விலையில் ஒரு பங்கை அவரும் கொடுக்கிறார்.

அவரை நல்லவராகக் காட்ட முயல வேண்டாம். தாண்ட மறுக்கும் ஒரே ஒரு கோடு அவருக்கு இருந்தால் போதும். ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ 1930-இல் நூலாக வந்தது. அதில் துப்பறிவாளன் சாம் ஸ்பேடின் கூட்டாளி ஆர்ச்சர் கொல்லப்படுகிறான். ஸ்பேடுக்கு அவனைப் பிடிக்காது. அவனுடைய மனைவியோடு தொடர்பும் உண்டு. கொலை நடந்த கையோடு பெயர்ப்பலகையிலிருந்து ஆர்ச்சரின் பெயரை நீக்கச் சொல்கிறான். இவ்வளவு இருந்தும், கொன்றது தான் விரும்பும் பெண்ணே என்று தெரிந்தபோது அவளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கிறான். அன்பு இல்லாத இடத்தில் கடமை மட்டும் தனியாக நிற்பதால்தான் அந்தக் காட்சி இன்றும் வலிக்கிறது. ஆர்ச்சர் உயிர் நண்பனாக இருந்திருந்தால் அது வெறும் பழிவாங்கலாகியிருக்கும்.

உங்கள் துப்பறிவாளருக்குக் கோடு வரையும்போது, அந்தக் கோட்டைக் காப்பதால் அவருக்கு எந்த லாபமும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அவளுடைய பக்கத்திலிருந்து ஒருமுறை எழுதுங்கள்

ஃபெம் ஃபத்தால் என்று பிரெஞ்சில் அழைக்கப்படும், ஆணை அழிவுக்கு இட்டுச்செல்லும் அழகி, இந்த வகைமையின் மிகப் பிரபலமான பாத்திரம். மிக அதிகமாகக் கெடுக்கப்பட்ட பாத்திரமும் அவள்தான். பல கதைகளில் அவள் ஆணின் சபலத்துக்கு ஒரு சாக்காக மட்டுமே வந்துபோகிறாள். அவளுக்கு ஓர் அறை இல்லை, காலைப்பொழுது இல்லை, நேற்று என்ற ஒன்று இல்லை.

இதைச் சரிசெய்ய நான் பின்பற்றும் முறை எளிமையானது, ஆனால் உழைப்புக் கேட்கும். கதை முழுவதையும் அவள் சொல்வதுபோல் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போகாது, உங்கள் மேசையிலேயே இருக்கும். நம் உதாரணத்தில் அந்தப் பெண்ணின் சகோதரன் 11 ஆண்டுகளாக விசாரணைக் கைதியாக இருக்கிறான். அவள் மனு கொடுத்தாள், வழக்கறிஞரை மாற்றினாள், நகைகளை விற்றாள், எதுவும் நகரவில்லை. ஒருநாள் அந்த ஆவண அறைக்காரர் தான் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் கவனிக்கிறாள். அத்தனை ஆண்டுகளில் அவள் கைக்குக் கிடைத்த முதல் துரும்பு அது. அவள் அதைப் பற்றிக்கொள்வது சூழ்ச்சியா, நியாயமா என்று உங்களாலேயே தீர்மானிக்க முடியாமல் போனால், பாத்திரம் உருவாகிவிட்டது என்று பொருள்.

இந்த இடத்தில் டோரதி பி. ஹ்யூஸ் 1947-இல் எழுதிய ‘இன் எ லோன்லி பிளேஸ்’ நாவலைச் சொல்லாமல் நகர முடியாது. போரிலிருந்து திரும்பி லாஸ் ஏஞ்சலஸில் வாழும் முன்னாள் விமானப்படை வீரன் ஒருவனை ஒட்டியே கதை நகர்கிறது. பெண்களைக் கொல்கிறவன் அவன்தான். அவனுடைய கண்ணுக்குப் பெண்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரிகளாகத் தெரிகிறார்கள். வாசகருக்கோ, லாரெல், சில்வியா என்ற இரண்டு பெண்களும் காவல்துறைக்கு முன்பே அவனைப் புரிந்துகொண்டு விழிப்போடு விலகுவது மெல்லத் தெரியவருகிறது. ஆபத்தானவள் என்ற முத்திரை அதைக் குத்துகிறவனின் நோயாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை. 1950-இல் வந்த திரைப்படம் அவனைக் கொலையாளி அல்லாதவனாக மாற்றிவிட்டது. படமும் சிறப்பானதுதான், ஆனால் பாத்திர அமைப்பைக் கற்க விரும்புகிறவர்கள் நாவலிடம் போக வேண்டும்.

ஐந்தாம் படி: சுற்றி நிற்பவர்கள்

மையப் பாத்திரங்களுக்கு வெளியே மூவரை யோசித்தால் போதும். மூவரும் ஒரே கதையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒருவர், எல்லாம் இருந்தும் உள்ளே காலியாகிப்போன செல்வந்தர். 1950-இல் வந்த ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்தில் கொள்ளைக்குப் பணம் போடுவதாக வாக்களிக்கும் வழக்கறிஞர் உண்மையில் திவாலாகிவிட்டவர். திருடர்களுக்கு அது தெரியாது. பணக்காரர் பேராசையால் குற்றத்துக்குள் வருவதைவிட, பணக்காரர் என்ற தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காக வருவது நம்பும்படி இருக்கும்.

இரண்டாமவர், வளைந்துபோன காவலர். லஞ்சம் வாங்குகிறவராக மட்டும் அவரை எழுதினால் தட்டையாகிவிடுவார். ஆர்சன் வெல்ஸ் 1958-இல் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் குவின்லன், பொய்ச் சாட்சியங்களை வைத்துக் குற்றவாளிகளைச் சிக்கவைக்கிறவன். அவன் மனைவியைக் கொன்றவன் சட்டத்திடமிருந்து தப்பிவிட்டான் என்ற பழைய காயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அவனுடைய உள்ளுணர்வு அந்த வழக்கில் சரியாகவும் இருந்துவிடுகிறது. தவறான வழியில் சரியான ஆளைப் பிடிக்கிறவனைக் கண்டு வாசகர் நிலைகுலைவார். அந்த நிலைகுலைவைத் தீர்த்துவைக்காதீர்கள்.

மூன்றாமவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர், அறிந்துகொள்கிறவர். சறுக்குகிறவனின் மேலதிகாரி, சக ஊழியர், ஆசிரியர், அண்ணன் என்று அவன் மதிக்கும் ஒருவராக அவர் இருக்க வேண்டும். காவல்துறையிடம் பிடிபடும்போது பயம் மட்டுமே இருக்கும். இவரிடம் பிடிபடும்போது வெட்கமும் சேர்ந்துகொள்ளும், நுவாரில் வெட்கம் தண்டனையைவிடக் கனமானது. நம் கதையில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் மூத்த எழுத்தர், காப்பாளருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

ஆறாம் படி: பழையது திரும்பி வரும் வழி

கடந்த காலம் விடாது துரத்துவது நுவாரின் நிலையான கருப்பொருள். 1947-இல் வந்த ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ படத்தில், கலிபோர்னியாவின் ஒரு சிற்றூரில் பெட்ரோல் நிலையம் நடத்திக்கொண்டு வேறு பெயரில் அமைதியாக வாழும் ஒருவனைத் தேடி, பழைய வாழ்க்கையிலிருந்து ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். தெருவை ஒட்டிப் பெயர்ப்பலகை வைத்துத் தொழில் செய்ததாலேயே அவன் அகப்படுகிறான். நேர்மையாகப் பிழைக்க எடுத்த முயற்சிதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்த நுட்பத்தை அப்படியே உங்கள் கதைக்குப் பொருத்தலாம். கடந்த காலத்தை ஒரு மர்மக் கடிதமாகவோ தற்செயலான சந்திப்பாகவோ கொண்டுவருவதைவிட, பாத்திரத்தின் ஒரு நல்ல பழக்கத்தின் வழியாகக் கொண்டுவாருங்கள். அப்போது விதி என்பது வெளியிலிருந்து வரும் தலையெழுத்தாக இல்லாமல், அவனுடைய குணமே விரித்த வலையாகிவிடும்.

ஏழாம் படி: பணமும் நகரமும்

நகரத்தை வர்ணிக்காதீர்கள், அங்கே யாருக்கு எந்தக் கதவு திறக்கும், யாருக்கு மூடியிருக்கும் என்பதைக் காட்டுங்கள். செஸ்டர் ஹைம்ஸ் இதில் ஆசான். பிரான்சில் வாழ்ந்தபோது, செரி நுவார் வரிசைக்காக 1957 முதல் வெளிவந்த, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடக்கும் நாவல்களில், கருப்பினத் துப்பறிவாளர்கள் இருவரை அவர் உருவாக்கினார். குற்றம் செய்வதற்கு முன்பே சந்தேகிக்கப்படும் மக்களுக்கும், அவர்களைச் சந்தேகிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அந்த இருவரும் நிற்கிறார்கள். குற்றம் என்று எழுதும்போதெல்லாம், யாருடைய குற்றம் மட்டும் குற்றமாகப் பதிவாகிறது என்ற கேள்வி பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பணத்தை எழுதும்போது தொகையைச் சொல்லுங்கள். பெரும் பணம் என்ற சொல்லில் அச்சம் இல்லை. எத்தனை மாதச் சம்பளம், எத்தனை தவணை பாக்கி என்பதில்தான் அச்சம் இருக்கிறது. ஒளியைப் பொறுத்தவரை ஒரே ஒரு குறிப்பு: ஓர் அறையில் ஒரு விளக்குக்கு மேல் ஏற்றாதீர்கள், அந்த வெளிச்சத்தில் எது தெரியாமல் போகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

எட்டாம் படி: யார், எப்போதிருந்து சொல்கிறார்

பல நுவார் கதைகள் முடிவிலிருந்து தொடங்குகின்றன. காயத்தோடு ஒருவன் பேசத் தொடங்குகிறான், அல்லது இறந்துகொண்டிருப்பவன் தன் கொலையைப் பற்றியே புகார் கொடுக்க வருகிறான். இப்படித் தொடங்கும்போது, என்ன நடக்கும் என்ற ஆர்வத்தை நீங்கள் விட்டுக்கொடுத்து, எந்த இடத்தில் அவன் திரும்பியிருக்கலாம் என்ற ஏக்கத்தைப் பெற்றுக்கொள்கிறீர்கள். நுவாருக்கு அது லாபமான பேரம்தான்.

தன்மையில், அதாவது ‘நான்’ என்று எழுதினால் கதைசொல்லி பொய் சொல்லத் தேவையில்லை; தன்னைப் பற்றிக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாலே போதும். நம் காப்பாளர், அவள்மேல் எனக்கு எந்த எண்ணமும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அவள் ஒவ்வொரு நாளும் உடுத்தி வந்த உடையின் நிறத்தைத் தேதியோடு நினைவுகூரட்டும். பதிவேடு எழுதிப் பழகியவர் அப்படித்தான் நினைவுகூர்வார்.

ஒன்பதாம் படி: முடிவு

1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி, திரையில் குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டியிருந்தது. இயக்குநர்கள் அந்தக் கட்டாயத்தையே விதியின் பாரமாக மாற்றிக்கொண்டார்கள். 1944-இல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்துக்காக பில்லி வைல்டர் விஷவாயு அறை மரணதண்டனைக் காட்சியைப் படமாக்கிவிட்டு, பிறகு தானே அதை நீக்கினார். படம் முழுவதும் நெஃப் என்ற முகவன், எப்போதும் தீக்குச்சி இல்லாமல் தவிக்கும் தன் மேலதிகாரி கீஸின் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் நெஃப் குண்டடிபட்டுக் கதவருகே சரிந்து கிடக்க, அவனுடைய சிகரெட்டைக் கீஸ் பற்றவைக்கிறார். அறிந்துகொள்கிறவர் குனிந்து தீ வைக்கும் அந்தக் கணத்துக்குப் பிறகு மரணதண்டனைக்கு அங்கே வேலையே இல்லை.

எழுத்தில் உங்களைக் கட்டாயப்படுத்தத் தணிக்கை இல்லை. ஆகவே தண்டனையைச் சட்டத்திடம் தேடாமல் பாத்திரத்தின் கைப்பழக்கத்தில் தேடுங்கள். நம் காப்பாளரின் கதையை நான் இப்படி முடிப்பேன்:

“தாளைத் திரும்ப வைத்துக் கோப்பைக் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை. விளக்கை அணைக்கும் முன் பதிவேட்டை மூடப் போனபோது அன்றைய வரி காலியாக இருப்பது கண்ணில் பட்டது. 19 ஆண்டுகளில் ஒரு வரியையும் நான் காலியாக விட்டதில்லை. பேனாவை எடுத்தேன். தாள் வெளியே போன நேரம், திரும்பிய நேரம், எடுத்தவர் பெயர் என்று மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். காலையில் பெரியவர் சரிபார்க்க வந்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர், அந்த வரியில் நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. ‘கையெழுத்து மட்டும் மாறவே இல்லையடா உனக்கு’ என்றார்.”